சொல் பேச்சு கேட்காத நாய்

அநியாயம் நடந்தது கருவாயனுக்கு. வளர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு ஊரார் தலையில் கட்டிவிட்டவர் தரணீதரன். இதில் யாழினிக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

மூடிப்போன சாயப்பட்டறை வாசலில் வேன் அடித்துக் கால் ஒடிந்து கிடந்த நாய். யாழினியும் கல்லூரித் தோழிகளும்தான் தூக்கிப்போய் வைத்தியம் பார்த்தார்கள். நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை நான் வைத்துக்கொள்கிறேன் என்றார், அனுப்பர்பாளையத்தில் பனியன் தைக்கும் யூனிட் நடத்தும் தரணீதரன். தீனி, ஊசி எல்லாம் அவர் பொறுப்பு. தினமும் நடக்க விடுவேன், பழக்குவேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்திலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வருகிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சொல் பேச்சு கேட்காத நாய் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர்களும் கைவிட்டால் காப்பகத்துக் கூண்டுதான்.

கருவாயனோ, 'உக்காரு' என்றால் வாலை ஆட்டும். 'வா' என்றாலும் வாலைத்தான் ஆட்டும்.

இந்த லட்சணத்தில், தரணீதரன் தினமும் சாயங்காலம் நாயைக் கொண்டுபோய், யூனிட்டுக்குப் பின்னால் வடக்கத்தித் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் லைன் வீட்டில் விட்டுவிடுகிறாராம். பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் போனில் போட்டுக்கொடுத்தாள்.

யாழினி ஸ்கூட்டியை முறுக்கினாள். கேட்க வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்தாள். அவர்களுக்குச் சம்பளம் தைக்கவா, உங்கள் நாயை மேய்க்கவா? கையெழுத்துப் போட்டது நீங்களா, அவர்களா?

லைன் வீட்டு வாசலில் கவிழ்த்துப்போட்ட பக்கெட் மேல் தரணீதரன் உட்கார்ந்திருந்தார். கையில் நோட்டு. எதிரே பிஸ்கட்டோடு டெய்லர் பிர்ஜு. நடுவில் கருவாயன்.

"பைட்டோ" என்று அதட்டினார் தரணீதரன்.

நாய் அசையவில்லை. பிர்ஜு தலையில் அடித்துக்கொண்டான்.

"மொதலாளி, லேபர்கிட்ட பேசுற மாதிரி பேசாதே. பியார்ஸே, அன்பா பேசு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தரணீதரனும் சிரித்துவிட்டார். குரலை இறக்கி, "பைட்டோ ராஜா" என்றார்.

கருவாயன் பொத்தென்று உட்கார்ந்தது. லைன் வீடே கைதட்டியது.

அடுக்கி வைத்த கேள்வியெல்லாம் எங்கே போயிற்றோ. "ஏனுங்ண்ணா, என்ன பண்றீங்க?" என்று மட்டும்தான் யாழினிக்கு வந்தது.

"வாங்க அம்மிணி. பட்டறையில வேல பாத்த வடக்கத்திப் பசங்க வளத்துன நாயாமுங்க. மூடுனதும் ஊருக்குப் போயிட்டாங்க. இதுக்கு இந்திதான் தெரியுது. அதைச் சொல்லி, பின்னாலயே தமிழையுஞ் சொன்னாப் புடிச்சுக்குது. பாருங்க."

நாயை எழுப்பி நிறுத்தி, "உக்காரு" என்றார். உட்கார்ந்தது. "வா" என்றார். தாவி மடியிலேயே ஏறிக்கொண்டது.

யாழினிக்கு முகம் சிவந்தது. தத்தெடுக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாளில், நாய்க்குப் 'பிடிவாதக் குணம்' என்று எழுதியது அவள்தான்.

"உங்களத் திட்டறதுக்குன்னே வந்தேனுங்ண்ணா."

தரணீதரன் கருவாயனின் காதைச் சொறிந்துகொண்டே பிர்ஜுவைப் பார்த்தார்.

"இவன் ஆறு வருசமா எங்கிட்டத் தைக்கறான் அம்மிணி. இவனுக்காக ஒரு வார்த்தை கத்துக்கல, நாய்க்காகக் கத்துக்கறேன். திட்டறதுன்னா அதுக்குத் திட்டுங்க."