சொல்லாமல் விட்டது

"எதுவானாலும் நேரா எங்கிட்ட வாங்க" என்று தன் ஆட்களிடம் அடிக்கடி சொல்லும் கிடங்கு மேலாளர் குமரகுரு, அன்று ஒரு வாடிக்கையாளரோடு போனில் இருந்தார். மூட்டை ஏற்றும் ஃபோர்க்லிஃப்டை ஓட்டும் சவரிமுத்து அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், வண்டில ஒரு..."

குமரகுரு நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அப்புறம் வரும்படி கையைக் காட்டினார். சவரிமுத்து தலையாட்டிவிட்டுப் போனார். மதியத்துக்குள் வண்டி பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதியது. அவருடைய வலது கால் நசுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதலாளி கட்டிலருகே குனிந்து கேட்டார்.

"பிரேக் சரியில்லன்னு மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

சவரிமுத்து, முதலாளிக்குப் பக்கத்தில் நின்ற குமரகுருவைப் பார்த்தார். "இல்லைங்க மொதலாளி. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

முதலாளி குமரகுருவின் தோளைத் தட்டினார். "நீங்க ஏன் இடிஞ்சுபோய் நிக்கிறீங்க? சொல்லியிருந்தா அப்பவே வண்டிய நிறுத்தியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

குமரகுரு நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். சவரிமுத்து சட்டென்று போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் விரல்களைப் பற்றிக்கொண்டார். வேண்டாம் என்கிறாரா, சொல்லுங்கள் என்கிறாரா என்று அந்தப் பிடியில் தெரியவில்லை.