எண்ணெய் கசிந்த புஷ்

மகள் சிவரஞ்சனி வாசலுக்குப் போன நேரம் பார்த்து, மேசையிலிருந்த வெண்கலப் புஷ்ஷை எடுத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார் பொன்னுவேல். அதே இடத்தில், சேலத்தில் லேத் பட்டறையில் கடைந்து வாங்கி வந்த வேறொன்றை வைத்தார். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான்.

வெண்கலப் பொடியை அச்சில் கொட்டி அழுத்தி, உருகிவிடாமல் சூளையில் சுட்டு, எண்ணெயில் ஊறவைத்து மகள் செய்த முதல் சரக்கு, இப்போது மடிக்குள் போனது. ஃபேன் மோட்டாரில் தண்டைத் தாங்கும் வளையம். ஆயுசுக்கும் எண்ணெய் விட வேண்டியதில்லையாம்.

ஆனால் நாலு நாள் முன்பு, மலைமேல் வாழவந்தி கிராமத்து வீட்டில் அடுப்போரம் வைத்தபோது, அது உடம்பெல்லாம் எண்ணெயாகக் கசிந்ததே! இருபது வருஷமாக ஓட்டை பைக்கில் மலையேறுகிறவருக்கு, எண்ணெய் கசிந்தால் என்ன அர்த்தமென்று தெரியாதா? பிள்ளையிடம் சொல்லத்தான் மனசு வரவில்லை.

இன்று ஆர்டர் கிடைக்காவிட்டால், இந்தக் குப்பனூர்ப் பட்டறையை மூடிவிட்டு அவள் ஓசூருக்கு வேலைக்குப் போய்விடுவாள். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. மலைச்சாமி சேர்வராயனை வேண்டிக்கொண்டு சூளையோரம் போய் நின்றார்.

கோயம்புத்தூர் ஃபேன் கம்பெனியின் மரியஅந்தோணி உள்ளே வந்து புஷ்ஷைக் கையிலெடுத்தார்.

"நொம்ப கெட்டியான சரக்குங்க. ஒரு சொட்டு கசியாதுங்க, நான் கேரண்டி!" என்று முந்திக்கொண்டார் பொன்னுவேல்.

"அப்பா, நீங்க சித்த சும்மா இருங்க" என்றாள் சிவரஞ்சனி, குழம்பிப்போய்.

வந்தவர் லைட்டரால் புஷ்ஷைச் சூடாக்கி உற்றுப் பார்த்தார். துளி எண்ணெய் இல்லை. பொன்னுவேலுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இது ஆகாதும்மா" என்று மரியஅந்தோணி எழுந்துவிட்டார்.

"ஏனுங்க சார்? நானே செஞ்சதுங்க!" சிவரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது.

பொன்னுவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. பதறிப்போய் சூளையோரத்திலிருந்து ஓடிவந்து வாசலை மறித்தார். "சாமி, கோவிச்சுக்காதீங்க. எம் புள்ள மேல தப்பில்லீங்க!"

மரியஅந்தோணியின் பார்வை அவருடைய வெள்ளை வேட்டியில் போய் நின்றது. மடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அவர் சிரித்துக்கொண்டே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சூட்டுல தானா எண்ணெய் கசியற புஷ்தாங்க எங்களுக்கு வேணும்; மடியில இருக்கறதை எடுங்க!"