பத்து எண்ணி முடிப்பதற்குள்

ஒல்கியெர்ட் கோடரியைக் கீழே போட்டுவிட்டு எதிரியைக் கட்டிப்பிடித்தான்.

இரண்டு இரும்பு பீரோக்கள் மாடியிலிருந்து விழுந்து மோதிக்கொண்ட சத்தம். கோட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் போலந்து எல்லையைத் தாண்டித்தான் போய் இறங்கியிருக்கும்.

"கட்டிப்பிடிச்சது போதும்டா, பாதிரியாரக் கூப்பிடவா?" என்று வேலிக்கு வெளியிலிருந்து ஒருத்தி கத்தினாள். சாசேஜ் தின்றுகொண்டிருந்த கூட்டம் வாய் நிறையச் சிரித்தது.

பழங்காலப் போர்வீரர்கள்போல் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டம். எட்டுப் பேர் ஏற்கெனவே சேற்றில் கிடந்தார்கள். பாதத்தைத் தவிர உடம்பில் வேறு எது தரையைத் தொட்டாலும் அவுட். விழுந்தவன் விசில் ஊதும்வரை விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடக்க வேண்டும். வலி தாங்கவில்லை என்றால் ஒரு கையைத் தூக்கலாம்; அந்த நொடியே ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

மிச்சம் நின்றது இந்த இரண்டு பேர்தான்.

எதிரே இருந்தவனின் தலைக்கவசத்தில் செம்புச் சேவல் ஒன்று நிமிர்ந்து நின்றது. அந்தச் சேவலைப் பக்கத்து மாவட்டத்திலிருந்தே ஒல்கியெர்ட்டால் அடையாளம் காண முடியும். அண்ணன் ராடோமிரின் சேவல்; கூப்பிடுவது ராடெக் என்று.

இருவர் அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டே நின்றால் நடுவர் பத்து எண்ணுவார், பிறகு பிரித்துவிடுவார். அந்தப் பத்துக்காகத்தான் ஒல்கியெர்ட் மூன்று வருடம் காத்திருந்தான். போன் போட்டால் அண்ணன் எடுப்பதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கெண்டை மீன் வாங்கிக்கொண்டு போனான். மீனை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள்.

நடுவர் ஹலினா மஞ்சள் கம்போடு ஓடிவந்தாள். ஆயுத ஆய்வு செய்கிறவளும் அவள்தான். வாளின் மழுங்கிய விளிம்பை விரலால் தடவி, கொசுப்பல் அளவு பிசிர் தட்டினாலும் அரத்தைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறவள்.

"ஒண்ணு!"

"ராடெக், நான்தான்," என்றான் ஒல்கியெர்ட், இரும்போடு இரும்பை ஒட்டவைத்து.

"ரெண்டு!"

"அன்னிக்கு உன் தொடையிலதான் அடிச்சேன்னு சொன்னேன்ல? பொய். முழங்கால் மடிப்புல அடிச்சேன். தெரிஞ்சேதான் அடிச்சேன்."

இந்த ஆட்டத்தில் மண்டையில் அடிக்கலாம். கோடரியால் நெஞ்சில் மேளம் வாசிக்கலாம். குத்தக் கூடாது, பிடரியில் அடிக்கக் கூடாது, முழங்கால் மடிப்பில் கூடவே கூடாது. அந்த ஓர் அடியில் அண்ணன் ஏழு மாதம் மாவுக்கட்டோடு கிடந்தான். யாரும் பார்க்கவில்லை. தம்பி கூசாமல் சத்தியம் செய்தான். பொய்ப் புகார் சொன்னவன் என்று அண்ணனைத்தான் அப்போது இருவரும் இருந்த சங்கமே ஏசியது. அவன் வேறு ஊர் அணிக்குப் போய்விட்டான்.

ஹலினாவின் வாய் 'மூணு'க்காகத் திறந்தது, அப்படியே நின்றது. அன்று ஒல்கியெர்ட் சத்தியம் செய்தது அவள் முகத்தைப் பார்த்துத்தான்.

'மூணு' வந்து சேர வார்சாவிலிருந்து ரயில் வந்து சேரும் நேரம் ஆயிற்று.

"நீ என்னவிட நல்லா ஆடுன. அதப் பொறுக்க முடியல எனக்கு. எல்லாரும் உன்னப் பொய்யன்னு சொன்னப்ப நானும் கூட உக்காந்து பீர் குடிச்சிட்டுச் சிரிச்சேன். அதுதான் தூங்க விட மாட்டேங்குது, ராடெக்."

"நாலு," என்றாள் ஹலினா மெதுவாக. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலேகால்."

"எண்ணத் தெரியாதாம்மா உனக்கு?" என்றது வேலி.

"நாலரை!" என்று வேலியைப் பார்த்து முறைத்தாள்.

"மன்னிக்க வேண்டாம். நான் சொல்லிட்டேன்னு உனக்குத் தெரிஞ்சாப் போதும். எல்லார்கிட்டயும் சொல்றேன். இன்னிக்கே சொல்றேன்."

சேவல்காரனின் பிடி இறுகியது. கவசத்துக்குள்ளிருந்து கொல்லன் துருத்திபோல் ஒரு விசும்பல் கேட்டது. ஹலினா ஒருவழியாகப் பத்தைத் தொட்டபோது, அவன் தானாகவே மடங்கி ஒரு முழங்காலைச் சேற்றில் ஊன்றினான்.

அவுட். விசில். ஒல்கியெர்ட் அணிக்கு வெற்றி.

முழங்காலிட்டவன் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

உள்ளே ஒரு செந்தாடி. ஒல்கியெர்ட் வாழ்க்கையில் பார்த்தே இராத செந்தாடி, தொப்பலாக நனைந்திருந்தது.

"எனக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாதுப்பா," என்று அவன் மூக்கை உறிஞ்சினான். "இருந்திருக்கலாம்னு இப்பத்தான் தோணுது."

ஒல்கியெர்ட் இரும்பு விரலால் தலைக்கவசத்தைச் சுட்டினான். "இந்தச் சேவல்..."

"என் தலைக்கவசம் காலையில ஆய்வுல தேறல. கண்ணுத் துளை ஒரு நூல் பெரிசாம். ராடெக் தன்னோடதக் கழட்டிக் குடுத்துட்டு ஏதோ துருப்பிடிச்ச வாளி மாதிரி ஒண்ணத் தலையில மாட்டிக்கிட்டான்."

"அப்ப அவன் எங்க?"

செந்தாடிக்காரன் தரையைப் பார்த்தான்.

"நீ அவன் கை மேலதான் நிக்கிற."

ஒல்கியெர்ட் துள்ளி விலகினான். கவசத்தோடு சேர்த்து நூற்றைம்பது கிலோ, 'ஒண்ணு' முதல் 'பத்து' வரை ஏறி நின்றிருக்கிறது. சேற்றில் மல்லாந்து கிடந்தவனின் இரும்புக் கையுறை தோசைக்கல்லாகியிருந்தது. அதை உருவி எடுத்தான். விரல்கள் பீட்ரூட் சூப்பில் முக்கி எடுத்த நிறத்தில் இருந்தன.

"இன்னொரு கை சும்மாத்தானே கெடந்துச்சு!" என்று ஒல்கியெர்ட் அழுதேவிட்டான். "அதத் தூக்க வேண்டியதுதானே? ஏன் தூக்கல?"

வாளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தூக்கியிருந்தா நீ நிறுத்தியிருப்பியே."