கட்டிலுக்கு ஒரு ரம்பம்

படப்பையில் சாம்சனின் ஹார்டுவேர் கடைக்குள் சாயங்கால வெயில் நீளமாக விழுந்து கிடக்கிறது. மேசைமேல் வரிசையாக மூன்று மின்சார வட்ட ரம்பங்கள். வெயில் அவற்றின் பற்களில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. ஒரகடத்தில் ஷிப்ட் முடித்த உலகம்மாள் கம்பெனிச் சீருடையோடு அவற்றின் முன் நிற்கிறாள். வெளியே ஷேர் ஆட்டோக்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். அவள் திரும்பவில்லை.

“இதுல வெல கம்மியானது எது அண்ணாச்சி?”

“நடுவுல கீதே, அதாம்மா. வூட்டு வேலைக்கு அது போதும். இன்னா அறுக்கணும்?”

“தேக்குக் கட்டிலு. என் கல்யாணத்துக்கு எங்கப்பா செஞ்சு குடுத்தது. என்னைய விட்டுட்டு இன்னொருத்தி கூடப் போன மனுசன், நாளைக்கு வண்டி கொண்டாராராம், அதத் தூக்கிட்டுப் போக.”

சாம்சன் ரம்பத்தின் ஒயரைப் பிளக்கில் சொருகி நீட்டுகிறார். அவள் இரண்டு கையாலும் பிடித்து விசையை அழுத்துகிறாள். ரம்பம் வீறிட்டுச் சுழல்கிறது. சுவரில் தொங்கும் சங்கிலிகள் அதிர்கின்றன. பல மாதம் அழுது வறண்ட அவள் கண்கள் இமைக்காமல் அந்தச் சுழற்சியைப் பார்க்கின்றன. கையை எடுக்க அவளுக்கு மனமில்லை. கடைசியில் எடுக்கிறாள்.

“பல்லு நெறைய வெச்ச பிளேடு தனியா கீது. மாட்டினா பிசிறில்லாம நைசா அறுக்கும். தரட்டுமா?”

“வேண்டாம் அண்ணாச்சி. பிசிறடிக்கட்டும். பாதிக் கட்டில் அவருக்குத்தான். தூக்கும்போது கையில சிராய் ஏறணும்லா.”