மூன்றாவது கேப்டன்

"அக்கா, போறேனுங்க" என்று கலைமணி சொன்னதும் எனக்குத் திக்கென்றது.

திருச்செங்கோட்டில் எங்கள் ரிக் வண்டிக்குப் பூசை முடிந்துவிட்டது. பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. கலைமணியோடு வண்டி ஆட்கள் எல்லோரும் சத்தீஸ்கருக்குப் போர்வெல் போடப் போகிறார்கள். இனி ஆடிக்குத்தான் திரும்புவார்கள்.

இத்தனை காலம் டிரில்லராக இருந்த என் வீட்டுக்காரர் இளஞ்செழியன் முதல்முறையாக மேனேஜராகப் போகிறார். கூட்டிப்போகிற ஆட்களை முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவது இனி அவர் பொறுப்பு. எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன விண்வெளிக் கப்பல் தொடரால் வந்தது. தமிழில் டப் செய்தது. அதில் ஒருவருக்குப் பின் ஒருவராக மூன்று கேப்டன்கள். இரண்டு பேரும் ஒரே போனில் சேர்ந்துதான் பார்த்தோம், சேர்ந்துதான் சண்டை போட்டோம்.

முதல் கேப்டனுக்கு முகம் லட்சணம், புத்தி அவசரம். எந்தக் கிரகத்தைக் கண்டாலும் குதிப்பான். கூடப் போனவர்களில் இரண்டு பேராவது அங்கேயே கிடப்பார்கள். இவனோ அடுத்த காட்சியில் சிரித்துக்கொண்டு காபி குடிப்பான். என் வீட்டுக்காரருக்கு அவனென்றால் உயிர்.

இரண்டாவது கேப்டன் ஒரு பெண். ஒவ்வொரு சாவுக்கும் தேம்பித் தேம்பி அழுவாள். அழுகையில் ஒரு குறையும் வைக்கவில்லை, சாவும் குறையவில்லை.

மூன்றாவது கேப்டன் தொப்பையும் தூக்கக் கண்ணுமாக இருப்பார். ஆபத்து என்று தெரிந்தால் கப்பலைத் திருப்பிவிடுவார். பயந்தாங்கொள்ளி என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். பயந்தால் என்ன குறைந்துபோச்சு? அவர் கப்பலில் ஒரு ஆள்கூடச் சாகவில்லையே! மகராசன்.

யார் சாகப்போகிறார்கள் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கப்பலை விட்டு இறங்கும்போது "போறேன் கேப்டன்" என்கிறவன் திரும்பவே மாட்டான். டப்பிங் வசனம் எழுதியவர் நம்ம பக்கத்து ஆளாகத்தான் இருக்கவேண்டும். மூன்றாவது கேப்டன் மட்டும் கதவை மறித்துக்கொண்டு நிற்பார். "வாரேன்" என்று சொன்னால்தான் வழிவிடுவார்.

இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது கலைமணி அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு நிற்கிறான். தம்மம்பட்டிக்காரன். வழியனுப்ப அவன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, அதனால் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கேபினிலிருந்து குதித்தார். என்ஜினை அணைக்கச் சொன்னார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஓனர் கத்தியதைக் காதிலேயே வாங்கவில்லை.

"டேய், போறேன்னு சொல்லிட்டு எவனும் என்ற வண்டியில ஏறக்கூடாது. வாரேன்னு சொல்றா."

கலைமணி முழித்துக்கொண்டே சொன்னான். இவர் அதோடு விடவில்லை. ஏறியிருந்த அத்தனை பேரையும் கீழே இறக்கி, ஒவ்வொருவராகச் சொல்லவைத்த பிறகுதான் மறுபடி ஏற்றினார்.

அட என் ராசா! அப்படியானால் கேலி பண்ணியதெல்லாம் வெறும் வேஷமா? எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

கடைசி ஆளாக இவரும் ஏறிக் கதவைச் சாத்தினார். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி நகர்ந்தது.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். டிரைவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அந்தத் தொடரின் கடைசிப் பாகம் போனில் வரவில்லை என்று இவர் என்னிடம் சொல்லியிருந்தார். பொய். நேற்று நானே தேடிப் பார்த்துவிட்டேன்.

கப்பல் வெடிக்கப்போகிறது. மூன்றாவது கேப்டன் எல்லோரையும் சின்னச் சின்ன ஓடங்களில் ஏற்றி அனுப்புகிறார். ஒவ்வொருவரும் "வாரேன் கேப்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அத்தனை பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அவரைச் சொல்லவைக்கத்தான் கப்பலில் யாரும் மிச்சமில்லை.

இங்கே நான் இருக்கிறேன்.

"ஏனுங்க, நீங்க இன்னும் சொல்லலீங்க" என்றேன்.