தரையில் கண்ட சுகம்

கரியாலூர் மலைக்குளிரில், சாணம் மெழுகிய தரையில் பாயை விரித்துக் காலை நீட்டிய சுபஸ்ரீக்கு எழுந்திருக்கவே மனசில்லை. அடுப்பில் கணவன் இளஞ்செழியன் வைத்த பூண்டு ரசத்தின் வாசனை வேறு மூக்கைத் துளைத்தது.

"இன்னா சொகம்ங்க இது! இப்படி ஒரு வூட்ட வுட்டுட்டு, இந்த வூட்டுக்காரங்க எங்கதான் போனாங்க?"

"அந்தச் சாமியம்மாவுக்கு மட்டும் ரெண்டு நாள் ரெஸ்ட் வாணாமா?" என்றான் அவன், சாமைச் சோற்றைக் கிளறியபடி.

"வாடகை எவ்ளோ?"

"வாடகையே இல்ல."

"தங்கமான மனுஷங்க!" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சி வீட்டில் அவள் ஒருநாளும் இப்படிப் படுத்ததில்லை. சோபா வாங்கி ஒரு வருஷமாகியும், அழுக்காகிவிடுமென்று பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நல்ல திரைச்சீலையெல்லாம் விருந்தாளி வந்தால்தான் பீரோவை விட்டு வெளியே வரும்.

செல்போன் அடித்தது. பக்கத்து வீட்டு மணிமொழி.

"அக்கா, பூட்டிட்டுப் போன உங்க வூட்ல குக்கர் விசில் அடிக்குது! போய்ப் பார்த்தா, சோபா கவரைப் பிரிச்சுப் போட்டுட்டு ஒரு அம்மா படுத்துக்கினு டிவி பாக்குறாங்க!"

சுபஸ்ரீ துள்ளி எழுந்தாள். "ஐயோ, என் சோபா! போலீசைக் கூப்புடுடி!"

இளஞ்செழியன் கரண்டியோடு ஓடிவந்தான். "கத்தாத! வாடகைக்குப் பதிலா நம்ம வூட்டுச் சாவியத்தான் குடுத்தேன்."

அதற்குள் அந்தப் பக்கம் போன் கை மாறியிருந்தது.

"நான்தாம்மா சாமியம்மா. இம்மாம் மெத்துமெத்துனு ஒரு சோபாவ வெச்சிக்கினு, எங்க வூட்டுத் தரையில போயி இன்னா சொகத்தம்மா கண்ட?"