எந்த டிரிக்கர் நல்லது?

“ஒரு புருஷனோட நிம்மதிக்கு விலை இருநூத்தி எண்பது டாலர்” என்று துப்பாக்கி விசையான டிரிக்கரில் உயர்ரகம் ஒன்றின் படத்தைக் காட்டிச் சிரித்தார் வேட். அமெரிக்காவின் மொன்டானாவில் இருந்த அவருடைய துப்பாக்கிக் கடையில் அது கைவசம் இல்லை.

கணவனின் வேட்டைத் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் லொரெட்டா.

“தொண்ணூறு டாலர் டிரிக்கரே போதும்மா. இழுத்தா கொஞ்சம் கரகரங்கும், மானுக்கா தெரியப்போகுது? பத்து நிமிஷத்துல மாட்டிடுறேன்.”

“வேணாங்க. ஒசந்ததே போடுங்க. எப்ப வரும்?”

“மூணு மாசம். சனிக்கிழமை மான் சீசன் ஆரம்பம். உன் வீட்டுக்காரர் என்னைத்தான் உதைப்பாரு. வந்ததும் சொல்றேன், அப்பக் கொண்டாந்தா போதும்.”

அவள் துப்பாக்கியை அவர் பக்கம் தள்ளினாள்.

“இங்கேயே இருக்கட்டுங்க. மகனை அடக்கம் பண்ணினதுலேருந்து என் வீட்டுக்காரர் ஆர்லோ தூங்குறதே இல்ல. ‘நானும் அவன்கிட்டயே போறேன்’ங்குறாரு. நல்ல டிரிக்கர் மாட்டித் தரேன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இதை எடுக்கவே விட்டாரு.”

வேட் துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினார்.

“அந்தக் கம்பெனிக்காரன் மகா சோம்பேறிம்மா. ஆறு மாசம்கூட இழுப்பான்னு அவர்கிட்ட சொல்லிடு.”

அவள் போனதும் கணக்கில் எழுதினார்: துப்பாக்கி ஒன்று, வரவு. முன்பணம் இல்லை. திருப்பித் தரவேண்டிய நாள், ஆர்லோ தூங்க ஆரம்பித்த பிறகு.